மாப்பிள்ளை அனுப்பிய சாவி

கலியாணம் பேசும்போது பெண் வீட்டார் கேட்கும் கேள்விகளில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. என்னிடமும் எல்லாம் கேட்டார்கள். குடிப்பாரோ? இல்லை. சிகரெட்? இல்லை. மச்சம் சாப்பிடுவாரோ? சுத்த சைவம். அமெரிக்காவில் வேறு ஏதாவது தொடர்பு? சத்தியமாக இல்லை. (இந்த ஒரு கேள்வியை மட்டும் மூன்று பேர் தனித்தனியாக வந்து கேட்டார்கள்.) ஆனால் "மாப்பிள்ளையிடம் துவக்கு இருக்கிறதா?" என்று ஒருவராவது கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காத கேள்விக்கு நானாகப் போய்ப் பதில் சொல்ல எனக்கென்ன விசரா?

இருந்தது. மான் சுடுகிற நீளத் துவக்கு ஒன்று, மரப்பிடி போட்டது, பார்க்க நல்ல வடிவு.

நான் திருகோணமலைப் பொடியன். படிக்க அமெரிக்காவுக்குப் போய், பென்சில்வேனியா மலைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊரில், பால் பதனிடும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்த ஊரில் மான் வேட்டை தொடங்கும் நாளன்று பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை. முதல் வருடம் தொழிற்சாலை முழுவதும் காடேறிவிட, நானும் ஒரு பால் தாங்கியும் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அடுத்த வருடம் என் மேற்பார்வையாளர் ராய் மனம் பொறுக்காமல் என்னையும் கூட்டிப்போனார். தன்னுடைய பழைய துவக்கைத் துடைத்து என் கையில் தந்து, "இனி நீயும் எங்கள் ஆள்" என்றார். வருடக்கணக்காக யாருடைய ஆளாகவும் இல்லாமல் இருந்தவனுக்கு அது என்ன சின்ன வார்த்தையா? எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மானைச் சுட்டீர்களா என்று மட்டும் கேட்காதீர்கள். மூன்று வேட்டைக்காலம் போனேன். ஒருமுறை ஒரு மான் பற்றைக்குள்ளிருந்து வெளியே வந்து என்னை நேருக்கு நேர் பார்த்தது. நான் பதறிப்போய் அதனிடம் மன்னிப்புக் கேட்டேன். அது போய்விட்டது. ராய் இதைத் தொழிற்சாலை முழுவதும் சொல்லிச் சிரித்தார்.

இப்படி இருக்கும்போதுதான் வதனியின் சாதகம் வந்து பொருந்தியது. வதனி மொன்றியலில், செயின்ட்-மிஷேலில் வளர்ந்தவள். ஒரு கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. நிச்சயத்துக்காகப் பனிக்காலத்தில் பஸ் பிடித்துப் போனேன். அவளோடு பேசக் கிடைத்தது அரை மணித்தியாலம். மிச்ச நேரம் முழுக்க அவள் அம்மா, என் வருங்கால மாமி, இடியப்பம் வைத்துக்கொண்டே இருந்தார், நான் பதற்றத்தில் தின்றுகொண்டே இருந்தேன். ஆனால் அந்த அரை மணித்தியாலத்தில் அவள் ஒருதரம் வாய்விட்டுச் சிரித்தாள் பாருங்கள், அத்தோடு ஆள் முடிந்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் பஸ் கண்ணாடியில் என்னைப் பார்த்து நானே இளித்துக்கொண்டு வந்தேன்.

மாமாவும் மாமியும் யாழ்ப்பாணம். அந்த வழக்கப்படி பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். நான் கேட்கவில்லை. (கேட்காமலே வரும் என்று தெரிந்ததால் கேட்கவில்லை என்பது வதனியின் விளக்கம்.) மாமாவுக்கு மாடி வீடு ஒன்று இருந்தது. மேலே அவர்கள், கீழே வாடகைக்கு ஒரு ஹெயிட்டிக் குடும்பம். மொன்றியலில் வீடு மாறுவதென்றால் ஊர் முழுவதற்கும் ஜூலை முதலாம் தேதிதான். அந்தத் தேதிக்கு மகளுக்காகக் கீழ்வீடு வேண்டும் என்று மாமா முன்கூட்டியே முறைப்படி அறிவித்தலும் கொடுத்துவிட்டார். ஜூன் கடைசியில் கலியாணம், பிறகு நேரே கீழ்வீட்டுக்குக் குடிபோவது. எல்லாம் கச்சிதம்.

எனக்கும் கனடாவில் நிரந்தரமாகக் குடியேற விசா வந்துவிட்டது. ஆடி பிறந்துவிட்டால் கலியாணத்துக்கு ஆவணி வரை காத்திருக்க வேண்டும். நான் காத்திருக்கும் நிலையில் இல்லை. விசில் அடித்துக்கொண்டே சாமான் கட்டினேன். குக்கர், குத்துவிளக்கு, குளிர் உடுப்பு, துவக்கு. அதை விட்டுவிட்டுப் போகலாமே என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. ராய் தந்ததல்லவா?

ஆனால் சட்டப்படி கொண்டுபோக வேண்டும். இரட்டைக் கோபுரம் விழுந்து சில வருடங்களே ஆன காலம். என் நிறத்தில், என் நீளத்துக்குப் பெயர் உள்ள ஒருவன் துவக்கோடு எல்லை கடக்கப்போகிறான். ஒரு எழுத்துப் பிசகினாலும் அம்போதான். ஆகவே நூலகத்தில் போய் உட்கார்ந்தேன்.

அங்கேதான் தெரிந்தது, துவக்கு விஷயத்தில் அமெரிக்கா ஒரே நாடு அல்ல. பென்சில்வேனியாவில் நீளத் துவக்கு வைத்திருக்க உரிமமே வேண்டாம். குடை வைத்திருப்பது மாதிரித்தான். பக்கத்தில் இருக்கும் நியூ ஜெர்சியில் அதை வாங்குவதற்கே பொலிஸிடம் அடையாள அட்டை எடுக்க வேண்டும். நியூ யோர்க் மாநிலத்துக்கு ஒரு விதி, அதே மாநிலத்தில் உள்ள பெரிய நகரத்துக்கு வேறு விதி. மாநிலம் விட்டு மாநிலம் போகிறவனுக்கென்று பொதுவாக ஒன்று: குண்டு போட்டிருக்கக் கூடாது, ஓட்டுகிறவனின் கைக்கு எட்டக் கூடாது, டிக்கி தனியாக இல்லாத வாகனமென்றால் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். கனடாவுக்குள் போனால் புத்தகமே வேறு. எல்லையில் அறிவித்து, கட்டணம் கட்டினால் அறுபது நாளுக்குத் தற்காலிக அனுமதி. பிறகு அங்கே உரிமம் எடுத்துப் பதிவு செய்ய வேண்டும்.

புத்தியுள்ளவன் அந்தந்த இடத்தில் அந்தந்த விதியைப் பின்பற்றிவிட்டுப் போவான். நான் எல்லா மாநிலத்து விதிகளிலும் மிகக் கடுமையானதாகப் பொறுக்கி எடுத்து, ஒரே பானையில் போட்டுக் கூழ் காய்ச்சினேன். குண்டுகள் எல்லாவற்றையும் ராயிடமே திருப்பிக் கொடுத்தேன். இரும்புப் பெட்டி ஒன்று வாங்கினேன். அதற்கு மாட்டுக்கொட்டில் பூட்டுகிற அளவில் ஒரு பூட்டு. நியூ ஜெர்சியில் இருந்த என் பெரியம்மா, "போற வழியில ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போ ராசா" என்று கெஞ்சினார். அந்த மாநிலத்துச் சட்டத்துக்குப் பயந்து, "வேண்டாம் பெரியம்மா, உங்கட பக்கம் வரவே மாட்டன்" என்றேன். அவர் இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

பிறகு சாவி. துவக்கு கைக்கு எட்டக் கூடாதென்றால் சாவி மட்டும் எட்டலாமா? முன் இருக்கைக்குப் பக்கத்தில் வைத்தால் எட்டும். பின் இருக்கையில் வைத்தாலும் வளைந்தால் எட்டும். டிக்கியில் வைத்தால்? என் காரில் பின் இருக்கையை மடித்தால் டிக்கியும் எட்டியது. (மூச்சுப்பிடிக்க மல்லாந்து படுத்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் சுகமில்லையோ என்று விசாரித்தார்.) திடீரென்று மண்டைக்குள் ஒரு வெளிச்சம். சாவி வேறு நாட்டிலேயே இருந்துவிட்டால்? எந்த மாநிலத்துப் பொலிஸ்காரன் என்ன சொல்ல முடியும்? பூட்டோடு வந்த இரண்டு சாவிகளையும் ஒரு வளையத்தில் கோர்த்து, வதனியின் பெயருக்குத் தபாலில் அனுப்பினேன். இவ்வளவு சட்டஞானத்தை வைத்துக்கொண்டு பால் பரிசோதித்துக் காலத்தை வீணாக்குகிறேனே என்று எனக்கே என் மேல் கவலையாகப் போய்விட்டது.

வதனியிடம் விஷயத்தைச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அந்த வீட்டில் தொலைபேசி பொதுச்சொத்து. ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பார்கள். மாமி ஒரு பக்கம் வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்பார்.

"வதனி, உமக்கு ஒரு சின்னப் பார்சல் வரும். சாவி. கவனமா எடுத்து வையும்."

"என்ன சாவி?"

வெங்காயம் வெட்டுகிற சத்தம் நின்றது.

"அது... வந்து சொல்லுறன். நேரில பாத்தாத்தான் விளங்கும்."

"இப்பவே சொல்லுங்கோவன்."

"ஐயோ, இப்ப சொல்ல ஏலாது." பேச்சை மாற்ற வேண்டும். சுவரில் நான் ஆசையாக ஒட்டிவைத்திருந்த மொன்றியல் வரைபடத்தில் முதலில் கண்ணில் பட்டதைப் பிடித்தேன். "அது சரி, இல்-பிசார் எண்டு ஒரு தீவு இருக்கே, அது எப்பிடி இடம்?"

கத்தியைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. பிறகு மாமியின் குரல் வந்தது. அதுவரை நான் அவரிடம் கேட்டிராத கனிவு அதில் இருந்தது.

"தம்பி, அது நல்ல இடமல்லோ. எல்லாம் தனித்தனி வீடுகள். சரியான அமைதி."

"அப்பிடியே மாமி? சந்தோசம்" என்றேன். உண்மையிலேயே எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மாமிக்கு என்னைப் பிடித்துவிட்டதே!

அந்தப் பக்கம் நடந்ததெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. நான் தொலைபேசியை வைத்ததும் மாமி மாமாவைக் கூப்பிட்டாராம். "கேட்டியளே? தம்பி வீடு வாங்கிப்போட்டார். இல்-பிசாரில. திறப்பை வதனிக்கு அனுப்பியிருக்கிறார்." பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் அவர்கள் பரம்பரையில் வழக்கம். மாப்பிள்ளை பெண்ணுக்கு வீடு வாங்கி, கலியாணத்துக்கு முன்பே சாவியையும் அனுப்பிய கதையை யாரும் கேள்விப்பட்டதே இல்லை. சாவி வந்து சேர்ந்ததும் சாமி அறையில் வைத்து, மஞ்சள் நூல் கட்டி, சந்தனம் குங்குமம் வைத்தார் மாமி. "தம்பி நேரில காட்டிச் சந்தோசப்படுத்த நினைக்கிறார். ஒருத்தரும் அவரிட்ட வாய் திறக்கக் கூடாது" என்று வீட்டில் கட்டளையும் போட்டார்.

வீட்டுக்கு வெளியே அந்தக் கட்டளை செல்லவில்லை. மாமியின் தம்பி குலம் மாமா சாமான் விநியோகிக்கும் வான் ஓட்டுகிறவர். காலையில் அவர் காதில் போட்டால் மத்தியானம் தொரொன்டோவில் கேட்கும். இரண்டு நாளில் கோயில், பலசரக்குக் கடை, கார்டெரி எல்லா இடத்திலும் கதை பரவிவிட்டது. திருகோணமலை மாப்பிள்ளை, தங்கமான மாப்பிள்ளை!

மாமா மட்டும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லையாம். பேசாமல் படியிறங்கிப் போய்க் கீழ்வீட்டு ஹெயிட்டிக்கார மதாமின் கதவைத் தட்டி, "நீங்கள் வீட்டை விட்டு எழும்பத் தேவையில்லை, இன்னும் ஒரு வருடம் இருங்கள்" என்று தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொல்லி, புது ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவதென்று தெரியாமல் கலங்கியிருந்த அந்தப் பெண் மாமாவைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சிவிட்டாராம். மாமா அன்று முழுவதும் மாமியின் கண்ணில் படாமல் திரிந்தார் என்று கேள்வி.

ஒன்றும் அறியாத நான் விடியும் முன்பே புறப்பட்டேன். நியூ யோர்க் மாநிலம் முழுவதையும் வேக எல்லைக்குக் கீழேயே ஓட்டிக் கடந்தேன். லொறிக்காரர் எல்லோரும் ஹோர்ன் அடித்தார்கள். நான் அவர்களுக்குக் கை காட்டிக்கொண்டு, தொண்டை கிழியப் பாடிக்கொண்டு போனேன். புது நாடு, புது வீடு, வதனி! எல்லைக் கூண்டில் இருந்தவர் "பொன்ஜூர்" சொல்லி, "வாகனத்தில் ஏதாவது ஆயுதம் இருக்கிறதா?" என்று கேட்டார்.

"ஆம்!" என்றேன், பரீட்சையில் நன்றாகத் தெரிந்த கேள்வி வந்த மாணவனைப் போல. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை இன்னொரு முறை பார்த்தார்.

உள்ளே நரைத்த தலையோடு ஒரு பெண் அதிகாரி. நல்ல மனுஷி. விசாவைப் பார்த்து முத்திரை குத்தி, கனடாவுக்கு வரவேற்றுக் கை கொடுத்தார். துவக்குக்கான படிவத்தையும் எடுத்தார். "பெட்டியைத் திறவுங்கள், துவக்கில் உள்ள இலக்கத்தைச் சரிபார்க்க வேண்டும்."

"சாவி இல்லை."

"எங்கே?"

"மொன்றியலில்."

"துவக்கு இங்கே, சாவி மொன்றியலிலா? ஏன்?"

விளக்கினேன். பென்சில்வேனியாவில் தொடங்கி மாநிலம் மாநிலமாக, கைக்கு எட்டும் தூரம், டிக்கியில் மல்லாந்து படுத்தது உட்பட எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "இந்த வகைத் துவக்கைக் கொண்டுபோகக் கனடாவில் பூட்டே தேவையில்லை. குண்டு போடாமல் இருந்தால் போதும்" என்றார். எனக்கு முகம் தொங்கிப்போயிற்று.

"பரவாயில்லை, பெரிய வெட்டுக் குறடு இருக்கிறது. பூட்டை வெட்டிவிடட்டுமா?" என்று கேட்டார்.

இந்த இடத்தில்தான் வாசகர்கள் என்னை மனதாரத் திட்ட வேண்டும். வெட்டுங்கள் தாயே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் மொன்றியல் ஒரு மணித்தியாலத் தூரம். சாவி வதனியிடம். சாவி வந்தால் வதனியும் வருவாள். மாதக்கணக்காகக் காணாதவளை இன்றே, இப்போதே பார்க்கலாம்! "வேண்டாம் மதாம், நான் கலியாணம் கட்டப்போகிற பெண் கொண்டுவந்து தருவா" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே தொலைபேசி இருந்த பக்கம் கை காட்டினார்.

மாமிதான் எடுத்தார்.

"மாமி, நான் எல்லையில நிக்கிறன். அந்தச் சாவி உடனடியா வேணும். காட்டினாத்தான் விடுவினமாம். வதனி கொண்டு வருவாவோ?"

"ஐயோ தம்பி, அங்கயே காட்ட வேணுமோ?"

"ஓம் மாமி, ஒபிசர் பாக்க வேணுமாம்."

"ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. நாங்கள் எல்லாருமா வாறம்!"

புதிதாகக் குடியேறுகிறவன் இருக்க இடம் உண்டென்று காட்ட வேண்டும், அதற்குத்தான் வீட்டுச் சாவியைக் கேட்கிறார்கள் என்று மாமி முடிவு கட்டிவிட்டார். குலம் மாமாவும், "ஓமக்கா, இப்ப சட்டம் சரியான இறுக்கம்" என்று ஆமோதித்துவிட்டு வானை எடுத்தார்.

அவர்கள் வந்து இறங்கிய காட்சி இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. குலம் மாமா வேட்டி சால்வையில். மாமி கூறைச்சேலை கணக்கில் ஒரு பட்டுச்சேலையில். அவர் கையில் ஆரத்தித் தட்டு, தட்டில் வெற்றிலை, வெற்றிலையின் மேல் சந்தனம் பூசிய என் சாவி. அவருக்குப் பின்னால் மஞ்சள் சேலையில் வதனி. எனக்கு எல்லாம் மறந்துபோயிற்று. இப்போது யோசித்தால், ஒரு சாவியைக் கொண்டுவர எதற்கு ஆரத்தித் தட்டு என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் வதனியைப் பார்த்து இளித்துக்கொண்டு நின்றேன். மாமா மட்டும் கடைசியாக, மெதுவாக, அந்தக் கட்டிடத்தை மேலும் கீழும் பார்த்தபடி உள்ளே வந்தார்.

மாமி கற்பூரத்தைக் கொளுத்தப் போனதும் அதிகாரி இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார். உள்ளே நெருப்புக் கூடாதாம். "சரி, முதல்ல திறப்பைக் குடுப்பம்" என்று மாமி தட்டையே நீட்டினார். அதிகாரி குங்குமம் பட்ட விரலைக் காகிதத்தில் துடைத்துக்கொண்டு, மேசைக்குக் கீழிருந்து அந்த இரும்புப் பெட்டியைத் தூக்கி மேலே வைத்தார். மாமியின் புருவம் சுருங்கியது. பூட்டு "டிக்" என்று திறந்தது. மூடியை அவர் நிமிர்த்தினார்.

குலம் மாமா இரண்டு எட்டு பின்னால் போய்த் தூணுக்கு அந்தப் பக்கம் நின்றார்.

"துவக்கு!" என்றார் அங்கிருந்தபடியே.

மாமி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். சாவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அப்ப வீடு எங்க?" என்று கேட்டார்.

"எந்த வீடு மாமி?"

"இல்-பிசார் வீடு!"

அப்போதுதான் எனக்கு விளங்கத் தொடங்கியது. குலம் மாமா தூணுக்குப் பின்னாலிருந்து தீர்ப்பே சொல்லிவிட்டார். "அக்கா, உந்தச் சம்பந்தம் எங்களுக்கு வேண்டாம். வீடெண்டு சொல்லிப்போட்டுத் துவக்கைக் காட்டுறான். இவன் என்ன ஆளோ ஆருக்குத் தெரியும்? இப்பவே நிப்பாட்டுங்கோ." மாமி தட்டைக் கதிரையில் வைத்துவிட்டு அழ ஆரம்பித்தார். மாமா என் தோளைத் தொட்டார். "தம்பி, கொஞ்சம் வெளியில வாரும்."

வாகனத் தரிப்பிடத்தில் வெயில் கொளுத்தியது. மாமா கட்டிடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"இந்த எல்லையாலதான் நான் உள்ளுக்க வந்தனான். வதனிக்கு அப்ப நாலு வயசு. கதவை அடிச்சுச் சாத்தினாலும் கட்டிலுக்குக் கீழ போய்ப் படுக்கிற பிள்ளை. துவக்கு இல்லாத வீட்டில அவள் நித்திரை கொள்ள வேணும் எண்டுதான் இவ்வளவு தூரம் ஓடி வந்தது. இப்ப நானே அவளைத் துவக்கு வச்சிருக்கிற ஆளுக்குக் கட்டிக் குடுக்கிறதோ, சொல்லும்?"

நானும் திருகோணமலையில் பிறந்தவன்தான். துவக்குச் சத்தம் தெரியாதவன் இல்லை. ஆனால் ஊரில் நான் கேட்டுப் பயந்ததும் ராய் எனக்குத் தந்ததும் ஒரே சாமான்தான் என்று அதுவரை ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை. மாமாவின் முகத்தைப் பார்த்தபோது தோன்றியது. வெட்கமாக இருந்தது. எங்கே எல்லாம் முடிந்துவிடுமோ என்று சரியான பயமாகவும் இருந்தது.

"அதால ஆரைச் சுடுறனீர்?" என்று மாமா கேட்டார்.

"மான் மாமா."

"நீர் சைவமெல்லோ?"

"ஓம் மாமா."

"அப்ப சுட்டதை ஆர் தின்னுறது?"

"இன்னும் ஒண்டும் படேல்லை மாமா."

"எத்தினை வருசமா?"

"மூண்டு."

மாமா சட்டென்று மறுபக்கம் திரும்பிக்கொண்டார். கோபமா சிரிப்பா என்று முதுகைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்குள் வதனி வந்துவிட்டாள். "அப்பா, நீங்கள் போய் அம்மாவைப் பாருங்கோ. நான் கதைக்கிறன்" என்றாள். மாமா போனார்.

"எனக்கு ஏன் அனுப்பினீங்கள் அதை?" அவள் குரலில் சிரிப்பு இல்லை.

"உம்மட கையில இருந்தாப் பத்திரம் எண்டு."

"என்னெண்டு சொல்லியிருக்கலாம்தானே?"

"ஸ்பீக்கரில எப்பிடிச் சொல்லுறது? மாமி வெங்காயம் வெட்டுறா."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "ஒரு மாசமா நான் இல்-பிசாரில இருந்து கார்டெரிக்குப் போக பஸ் தேடிக்கொண்டு திரியிறன். ரெண்டு பஸ் மாறி, பேந்து மெட்ரோவும் எடுக்க வேணும். எண்டாலும் பறவாயில்லை, இவருக்கு ஆசையா இருக்கு எண்டு காலமை வெள்ளன எழும்பிப் பழகினனான். விசரி."

"நான் இப்ப என்ன செய்ய வதனி? நீர் சொல்லும்" என்றேன்.

"துவக்கோ நானோ எண்டு நான் கேக்க மாட்டன்" என்றாள். "கேட்டா நீங்கள் யோசிப்பீங்கள். நீங்கள் யோசிக்கிறதை நிண்டு பாத்துக்கொண்டிருக்க என்னால ஏலாது."

நான் யோசிக்கவில்லை. ஓடினேன். கண்ணாடிக் கதவில் முட்டிக்கொண்டேன். நெற்றியைத் தடவியபடி அதிகாரியின் முன் போய், "மதாம், இது எனக்கு வேண்டாம்" என்றேன்.

"இப்போதுதானே திறந்தோம்? படிவம் எல்லாம் சரி. சட்டப்படி கொண்டுபோகலாம்" என்றார் அவர். பாவம், அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"சட்டப்படி சரி. மாமாப்படி சரியில்லை."

அவர் கண்ணாடிக்கு வெளியே நின்ற மஞ்சள் சேலையைப் பார்த்தார். பிறகு வேறொரு தாளை எடுத்து, அமெரிக்காவுக்குத் திருப்பிக் கொண்டுபோக விருப்பமில்லையென்றால் இங்கேயே கைவிடலாம், ஆனால் பிறகு திரும்பக் கேட்க முடியாது என்று நிதானமாகச் சொன்னார். கையெழுத்துப் போட்டேன். மனதுக்குள் ராயிடம் மன்னிப்புக் கேட்டேன். (அடுத்த வாரம் தொலைபேசியிலும் கேட்டேன். "உன்னிடம் இருந்தவரைக்கும் மான்களுக்கு ஆபத்தில்லை. இனி யாரிடம் போகுமோ" என்று ராய் கவலைப்பட்டார்.)

வெளியே வந்தபோது மாமி வெயிலில் கற்பூரத்தைக் கொளுத்திக்கொண்டிருந்தார். மூக்கை உறிஞ்சியபடியே எனக்கும் வதனிக்கும் ஆரத்தி எடுத்தார். "வீடில்லாட்டிலும் மாப்பிள்ளை மாப்பிள்ளைதானே" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். குலம் மாமா வானுக்குள் இருந்தபடி தொரொன்டோவுக்குத் திருத்திய செய்தியை அனுப்பிக்கொண்டிருந்தார். மாமா என் காரில் ஏறி, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனபின் தொண்டையைச் செருமினார்.

"தம்பி, ஒரு சின்ன விசயம். கீழ்வீட்டை நான் அவைக்கே திரும்பக் குடுத்திட்டன்."

ஜூன் கடைசியில் எங்கள் கலியாணம் சிறப்பாக நடந்தது. ஜூலை முதலாம் தேதி ஊரே கட்டிலும் மெத்தையும் தூக்கிக்கொண்டு வீதியில் திரிந்தபோது, புதுமாப்பிள்ளை நான் மட்டும் குடிபோக இடமில்லாமல் மாடியில் நின்று வேடிக்கை பார்த்தேன். மாமா வீட்டுக் கூடத்தின் முன்பாதியில், நடுவே ஒரு திரைச்சீலையைத் தொங்கவிட்டுத்தான் குடித்தனம் தொடங்கினோம். திரைக்கு அந்தப் பக்கம் மாமி தொலைக்காட்சி பார்ப்பார். நாங்கள் இந்தப் பக்கம் ஏதாவது குசுகுசுத்தால், "என்ன? கேக்கேல்லை, பலமாக் கதையுங்கோ" என்பார். கீழ்வீட்டு மதாமுக்கு மட்டும் நான் கடவுள். ஒவ்வொரு புதுவருடத்துக்கும் ஒரு பெரிய சட்டி நிறையப் பூசணிக்காய் சூப் அனுப்புவார். எனக்காக அதில் இறைச்சி போடாமல் விசேஷமாகக் காய்ச்சியது.

கடைசியில் சேர்த்துப் பிடித்து மொன்றியலிலேயே நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு சின்ன அபார்ட்மென்ட் வாங்கினோம். பால் காய்ச்ச நல்ல நேரம் பார்த்து எல்லோரும் வந்தார்கள். நான் சாவியை எடுத்து மாமியின் கையில் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. "நீரே திறவும் தம்பி" என்று சொல்லி எட்டி நின்றார். திறந்தேன். வாசலில் நின்றபடி முதலில் தலையை மட்டும் உள்ளே நீட்டிப் பார்த்தார். பிறகு வலது காலை வைத்து உள்ளே போய், அறை அறையாக நடந்து, அலுமாரிக் கதவுகளையும் குளியலறையையும் அடுப்புக்குக் கீழே இருந்த இழுப்பறையையும் ஒவ்வொன்றாகத் திறந்து மூடினார். நாங்கள் எல்லோரும் பால் சட்டியோடு காத்து நின்றோம். நல்ல நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

கடைசி அலுமாரியையும் மூடிவிட்டு மாமி வாசலுக்குத் திரும்பி வந்து, வெளியே நின்ற மாமாவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்:

"ஓமப்பா, வாங்கோ. இது வீடுதான்."